பழைய இணையத்தளத்தைப் புதுப்பிக்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலைக் கடைக்காரரோ தையல்கடை அக்காவோ தளத்தைப் புதுப்பித்துத் தரச் சொன்னால், நிறத்தைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. கைப்பேசியில் திறந்து பார்ப்பேன். கூகுளும் கைப்பேசிப் பதிப்பைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. ஃபிளாஷ் அசைபடம் மிச்சமிருந்தால் நீக்குங்கள். 2020 முடிவோடு அடோபி நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டுவிட்டது. படமாக ஒட்டிய விலைப்பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். பக்கத் தலைப்பில் ‘முகப்பு’ என்றிருப்பது வீண். ‘கல்யாண மாலை, சுங்கை சிப்புட்’ என்று எழுதுங்கள்.

பழைய முகவரிகளில்தான் உயிரே இருக்கிறது. பக்கத்தின் முகவரி மாறினால், பழையதிலிருந்து அதற்கு இணையான புதிய பக்கத்திற்கு 301 திசைமாற்றம் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லி, வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடாதீர்கள். ஜடைப்பூ தேடி வந்தவர் திரும்பிப் போய்விடுவார். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் வணிக விவரத்தில், தீபாவளிக்குக் கடை திறந்திருக்கும் நேரத்தையும் மாற்றிவிடுங்கள்.