பெற்றோருக்கு ரோபோ வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வேலை நிமித்தம் தள்ளியிருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒரு துணை ரோபோ வாங்கித் தரலாமா என்று கேட்பது அதிகமாகிவிட்டது. விளம்பரத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வாங்குவது ஒருவர், அதோடு நாள் முழுக்க இருக்கப்போவது வேறொருவர். தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், அது என்ன செய்யும் என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. இப்போது வீடுகளுக்குக் கிடைக்கும் துணை ரோபோக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கையே கிடையாது. எலிக்யூ என்ற ரோபோ மேசை விளக்கு மாதிரி இருக்கும். தலையைத் திருப்பும், தானாகவே பேச்சுக் கொடுக்கும், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும். மாத்திரை தொண்டைக்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. பாரோ என்ற ரோபோ வெள்ளை ரோமம் போர்த்த சீல் குட்டி வடிவில் இருக்கும்; தடவினால் கண் சிமிட்டி முனகும். கைத்தாங்கலாக எழுப்பி விட இவற்றால் முடியாது. ஆளைத் தூக்கும் ரோபோவையும் செய்து பார்த்தார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் காட்டிய ரோபேருக்குக் கரடி முகம், எடை 140 கிலோ. அது கடைக்கு வரவேயில்லை. 2025-இல் 20,000 டாலர் விலையில் முன்பதிவு தொடங்கிய நியோ மனித உருவ ரோபோவுக்குக் கை உண்டு. ஆனால் அதற்குப் பிடிபடாத வேலையை நிறுவனத்தின் ஆள் ஒருவர் வேறெங்கோ உட்கார்ந்து இயக்கிச் செய்து கொடுப்பார். அதாவது அவர் கண்ணும் உங்கள் அடுப்படிக்குள் வருகிறது.

கேமரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் சோதனைக்கு விட்டிருந்த ரூம்பா துப்புரவு ரோபோக்கள் எடுத்த படங்கள், படங்களுக்குக் குறிப்பு எழுதும் ஒப்பந்த ஊழியர்கள் வழியாக இணையக் குழுக்களுக்குப் போயின. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அதில் ஒன்று. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் வீடுகளிலேயே இப்படி. அம்மாவிடம் கேட்காமல் கூடத்தில் கேமரா வைப்பது, அக்கறையினால் செய்தாலும், கண்காணிப்புதான்.

யாரும் யோசிக்காத தவறு ஒன்று உண்டு. பேசும் ரோபோவின் மூளை பெரும்பாலும் அதற்குள் இருப்பதில்லை. நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நிறுவனம் மூடினால் என்ன ஆகும்? ஜிபோ என்ற பேசும் ரோபோவின் கதையைப் பாருங்கள். 2014-இல் பொதுமக்களிடம் 35 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தொடங்கி, 2017-இல் 899 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2019-இல் தன் சர்வர்கள் சீக்கிரம் அணைக்கப்படும் என்று அதுவே வீட்டாரிடம் அறிவித்துவிட்டு, ஒரு நடனமும் ஆடிக் காட்டியது. மாக்ஸி என்ற இன்னொரு பேசும் ரோபோ குழந்தைகளுக்கானது, 5 முதல் 10 வயது வரை. விலை 799 டாலராக இருந்தது. 2024 இறுதியில் முதலீடு கைவிட்டுப் போனதால் அதைச் செய்த நிறுவனம் மூடப்போவதாகச் சொன்னது. நண்பன் என்று பழகிய பிள்ளைக்கு அதைப் பெற்றோர்தான் விளக்க வேண்டியிருந்தது. சொந்தக் கணினியில் இயக்கிக்கொள்ளப் பிற்பாடு ஒரு வழி செய்து கொடுத்தார்கள் என்றாலும், எழுபத்தைந்து வயது அப்பா அதையெல்லாம் செய்துகொண்டிருக்க மாட்டார்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்? அடுத்தது, மாதச் சந்தா நின்றால் என்ன மிஞ்சும்? பாரோவுக்கு இணையம் தேவையில்லை. அமெரிக்காவில் ஜாய் ஃபார் ஆல் என்ற பெயரில் விற்கும் பொம்மைப் பூனையும் நாயும் பேட்டரியிலேயே ஓடும். பாரோ சுமார் 6,000 டாலர் ஆகும். பூனை அதில் சிறு பங்குதான். என்னைக் கேட்டால் பூனையில் தொடங்குங்கள்.

ஆனால் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். பாரோ போன்றவை பெரிதும் உதவுவது மறதி நோய் முற்றியவர்களுக்கு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் பாரோவை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தியது. தினமும் பேப்பர் படித்து அரசியல் பேசும் தாத்தா கையில் அதைக் கொடுத்தால், "என்னைச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்பார். அது நியாயமான கோபம்.

வேலை குறையும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பொய்க்கிறது. ஜேம்ஸ் ரைட் என்ற ஆய்வாளர் ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் மூன்று ரோபோக்களைப் பயன்படுத்தியதை உடனிருந்து பார்த்தார். ஆளைத் தூக்கும் கருவியைச் சில நாளிலேயே ஊழியர்கள் ஓரங்கட்டினார்கள். அதை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போவதே பாடாக இருந்தது. பெப்பர் என்ற மனித உருவ ரோபோ உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தபோது, பக்கத்தில் ஓர் ஊழியர் நின்று அதையே செய்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு பாட்டி பாரோ இல்லாமல் சாப்பிடவோ படுக்கவோ மறுத்துவிட்டார். வீட்டில் இந்த வேலைகள் யார் தலையில் விழும்? சார்ஜ் போடுவது, ரோமத்தைச் சுத்தம் செய்வது, வைஃபை கடவுச்சொல் மாறினால் மறுபடி இணைப்பது. அந்த ஆள் யார் என்று வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அப்புறம் தமிழ். வெளிநாட்டில் செய்த பேசும் ரோபோக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கோ ஜப்பானிய மொழிக்கோ பழகியவை. தமிழ் உண்டு என்று அட்டையில் போட்டிருந்தாலும் அம்மாவின் குரலில், அவர் ஊர்ப் பேச்சில், ஃபேன் ஓடும் அறையில் பேசிப் பார்க்க வேண்டும். அவர் சொல்வது அதற்குப் புரிந்து, அது சொல்வது அவர் காதில் விழுந்தால் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களே கொண்டுபோய்ப் பொருத்தி, ஒரு வாரம் கூட இருந்து பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் வாங்கினால் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இங்கே 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். தரையில் ஓடும் ரகமானால், இருட்டில் கழிப்பறைக்குப் போகிற வழியில் அதுவோ அதன் ஒயரோ கிடக்கக் கூடாது. விழுந்தால் ஆளைக் கூப்பிடக் கழுத்திலோ மணிக்கட்டிலோ போடும் பொத்தானைத் தனியாக வாங்கிக் கொடுங்கள். கூடத்து மேசையில் இருக்கும் ரோபோவுக்குக் குளியலறையில் விழுந்தவரின் குரல் எட்டாமல் போகலாம்.