கொச்சி யூதக் குடும்ப வரலாறு எழுதப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பாட்டி சொன்ன கதை, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கடுதாசி, ஓரம் அரிச்சுப் போன நாலஞ்சு போட்டோ, இது இருந்தா தாத்தாவோட வாழ்க்கை வரலாற எழுதிடலாம்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. யூதக் குடும்பம்னா அது அவ்வளவு லேசுல முடியறதில்ல, ஒரே ஆளுக்கு மூணு மொழியில மூணு விதமா பேரு, மூணு காலண்டர்ல தேதி, ரெண்டு நாட்டுல காகிதம்னு கெடக்கும். நான் இங்க கொச்சி யூதர்கள வச்சே பேசறேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான். இதுல அவசரமும் இருக்கு. பெரும்பாலான குடும்பங்க 1954, 1955ல இஸ்ரேலுக்குக் கிளம்பிட்டாங்க, அப்ப பத்து வயசுப் பிள்ளையா இருந்தவங்களுக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு.

முதல் தப்பு, யூதர்னாலே ஐரோப்பான்னு நினைச்சுக்கறது. ஒருத்தர் எழுதிக் கொண்டு வந்த பிரதியில முதல் அத்தியாயம் பூரா ஹிட்லர், வதை முகாம், ஐரோப்பிய யூதர்கள் பேசற இத்திஷ் மொழி. அவரோட தாத்தா பொறந்தது சேந்தமங்கலத்துல (நாமக்கல் பக்கம் இருக்கறது இல்ல, கேரளத்துல பரவூர் பக்கம் இருக்கறது), வீட்டுல பேசினது மலையாளம், கும்பிட்டது ஹீப்ருவுல, இத்திஷ் அவர் காதுலயே விழுந்திருக்காது. ஐரோப்பால நடந்தது எவ்வளவு பெரிய கொடுமையா இருந்தாலும் அது இந்தத் தாத்தாவோட கதை கிடையாது, அத இங்க கொண்டு வந்து ஒட்டினா இவரோட கதை காணாமப் போயிடும். இவங்களுக்குன்னு பட்ட அடி இருக்கே, 1662ல போர்ச்சுகீசியர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில இருக்கற பரதேசி ஜூதப்பள்ளிய (ஜூதப்பள்ளின்னா யூதர்களோட தொழுகைக் கூடம், பரதேசின்னா வெளிநாட்டுலேருந்து பின்னாடி வந்து குடியேறின யூதர்கள்) நாசம் பண்ணாங்க, அடுத்த வருஷம் டச்சுக்காரங்க கொச்சியப் பிடிச்சதுக்கு அப்புறம்தான் அத எடுத்துக் கட்ட முடிஞ்சுது. 1950கள்ல இஸ்ரேலுக்குப் போறதுக்குக்கூட யானைக்கால் நோய் பயத்துல அங்கத்திய சுகாதார அதிகாரிங்க தயங்கினதால பல குடும்பங்க மூட்டை கட்டி வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தாங்க. இத வீட்டுல யாரும் தானா சொல்ல மாட்டாங்க, நாமதான் பக்குவமா கேக்கணும்.

அடுத்தது அந்தச் செப்பேடு. சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன், யூதர்களோட தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்ட எல்லாப் புத்தகத்துலயும் போட்டுடறாங்க, போடட்டும், ஆனா கூடவே "கி.பி. 379ல கொடுத்தது"ன்னு எழுதிடறாங்க. அது காலங்காலமா சொல்லி வந்த கணக்கு. செப்பேட்டுல ராஜாவோட ஆட்சியாண்டுதான் இருக்கு, வேற ஆண்டுக் கணக்கு எதுவும் இல்ல, எழுத்தையும் ராஜாவையும் வச்சு ஆராய்ச்சியாளருங்க அத கி.பி. 1000 வாக்குலன்னு சொல்றாங்க. எழுதியிருக்கறது நம்ம வட்டெழுத்துல, அதனால தமிழ்க் கல்வெட்டு படிச்ச யாராவது தெரிஞ்சவங்க இருந்தா அவங்கள உக்கார வச்சுக் கேட்டுக்கலாம். "எங்க வம்சம் ரப்பான் வம்சம்"னு பெரியவங்க சொன்னா அத வெட்ட வேண்டாம், குடும்பத்துல இப்படிச் சொல்லுவாங்கன்னு எழுதிட்டு, காகிதமோ கல்லோ எந்தத் தலைமுறை வரைக்கும் போகுதுன்னு தனியா எழுதுங்க. சேந்தமங்கலத்துல இருக்கற சாரா பத் இஸ்ரேல்ங்கற பெண்ணோட கல்லறைக் கல்லு 1269ஆம் வருஷத்தது. எழுநூறு வருஷத்துக்கு மேல ஒரு பொண்ணோட பேரு கல்லுல நிக்குது, அத விடப் பெரிய ஆதாரம் நமக்கு எதுக்கு.

பேர்ல நிறைய பேர் வழுக்கி விழறாங்க. ஐரோப்பாவோட அஷ்கனாசி யூதர்கள் உசுரோட இருக்கற தாத்தா பேர பேரனுக்கு வைக்க மாட்டாங்க. ஸ்பெயின் பக்கத்துலேருந்து வந்த செஃபார்டி யூதர்கள் வழக்கத்துல தாராளமா வைப்பாங்க. கொச்சியும் அந்தப் பக்கம்தான், தமிழ்ல பேரன்ங்கற வார்த்தையே பேர்லேருந்து வந்ததுன்னு நாம சொல்றோமே, அதே கதை. ரஹாபி குடும்பத்தப் பாருங்க: டச்சுக் கம்பெனிக்கு ஏறக்குறைய அம்பது வருஷம் வியாபாரத்துல வலது கையா இருந்த எசக்கியேல் ரஹாபி (1694-1771), அவரோட அப்பா டேவிட், மகனும் டேவிட் (1721-1791). மும்பைப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் எங்களுக்கு வேதம் சொல்லிக் கொடுத்தவர்னு ஒரு டேவிட் ரஹாபியச் சொல்றாங்க, அது எந்த டேவிட், எந்த நூற்றாண்டுன்னு இன்னும் வாதம் ஓடிக்கிட்டே இருக்கு. அதனால ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அப்பா பேரையும் தெரிஞ்ச வருஷத்தையும் போட்டு ஒரு நோட்டு வச்சுக்கங்க. யெஹெஸ்கேல், எசக்கியேல்னு ரெண்டு விதமா எழுதியிருந்தா ரெண்டு ஆளுன்னு நினைச்சுடாதீங்க, ரெண்டும் ஒரே பேருதான். இன்னொண்ணு, கடவும்பாகம்னு ஒரு ஜூதப்பள்ளி மட்டாஞ்சேரியில, அதே பேர்ல இன்னொண்ணு எர்ணாகுளத்துல, தெக்கும்பாகமும் அப்படித்தான் ரெண்டு ஊர்லயும். மட்டாஞ்சேரி கடவும்பாகத்தோட உள் மரவேலை எல்லாம் ஜெருசலேம் இஸ்ரேல் மியூசியத்துல இருக்கு, "தாத்தா கல்யாணம் நடந்த இடம்"னு அந்தப் போட்டோவ எடுத்துப் போடறதுக்கு முன்னாடி அவரு எந்த ஊர்க் கடவும்பாகம்னு கேட்டுக்கங்க.

தேதி. இத கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், இதுலதான் தப்பு ஜாஸ்தி. கல்லறைக் கல்லுல ஹீப்ரு வருஷம் எழுத்துலதான் வெட்டியிருக்கும், எண்ணுல இருக்காது. தாவ், ஷின், யூத், தாலத்னு நாலு எழுத்து இருக்குன்னு வைங்க, தாவ் 400, ஷின் 300, யூத் 10, தாலத் 4, ஆக 714. ஆயிரத்த விட்டுட்டு எழுதறது வழக்கம், அதனால அது 5714. 714ஓட 1240 கூட்டினா 1954 வரும், உடனே 1954னு எழுதிடுவாங்க, அங்கதான் மாட்டிக்கறாங்க. ஹீப்ரு வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்குல பொறக்குது, மாசம் திஷ்ரின்னு (வருஷத்தோட முதல் மாசம்) இருந்தா அது 1953. வீட்டுல இருக்கற ரசீதுலயும் பத்திரத்துலயும் கேரளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு இருக்கும், திருநெல்வேலி, கன்னியாகுமரிக்காரங்களுக்கு இது பழக்கப்பட்டதுதான், 1129னு இருந்தா 825 கூட்டி 1954, ஆனா சிங்க மாசத்துலேருந்து (நம்ம ஆவணி, அங்க வருஷம் பொறக்கற மாசம்) டிசம்பர் வரைக்கும் 824தான் கூட்டணும். இதுக்கு மேல ஒரு சிக்கல், யூத நாள் சூரியன் மறையறப்பவே ஆரம்பிச்சுடும். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஒருத்தர் இறந்தா ஆஸ்பத்திரிக் காகிதத்துல வெள்ளி, கல்லுல சனிக்கிழமைக்கு உண்டான தேதி. ரெண்டும் சரிதான், ஒண்ண அடிச்சுட்டு ஒண்ண எழுதாதீங்க, ரெண்டையும் போடுங்க. நாம திதி பாக்கற மாதிரி அவங்க ஹீப்ரு தேதியில நினைவு நாள் அனுசரிக்கறவங்க, புத்தகத்துல தப்பா போட்டா பேரப்பிள்ளைங்க தப்பான நாள்ல விளக்கேத்துவாங்க.

கறுப்பு யூதர், வெள்ளை யூதர்ங்கற வார்த்தைய யோசிக்காம போடறது இன்னொரு பெரிய தப்பு, எனக்கு மனசு ரொம்ப சங்கடப்படற விஷயமும் இதுதான். பழைய புத்தகத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கும், பழைய ஆவணத்த மேற்கோள் காட்டறப்ப இருக்கட்டும், நீங்க உங்க வாயால எழுதறப்ப மலபாரி (காலங்காலமா இங்கயே இருந்தவங்க), பரதேசி (பின்னாடி வந்தவங்க)ன்னு எழுதுங்க. அதுக்காக உள்ளுக்குள்ள நடந்த ஒதுக்கல மறைச்சுடாதீங்க. ஏ.பி. சேலம் (1882-1967) வக்கீலுக்குப் படிச்சவர், ஆனா அடிமையா இருந்து விடுவிக்கப்பட்டவங்க வழி வந்தவங்கன்னு அவர் ஜனங்கள பரதேசி ஜூதப்பள்ளியில பெஞ்சுல உக்கார விடல, வேதம் வாசிக்கவும் விடல. அவர் அந்தப் பள்ளிக்குள்ளயே சத்தியாகிரகம் பண்ணினார், யூத காந்தின்னே பேர் வந்துச்சு, டயரியும் எழுதி வச்சார். உங்க குடும்பம் அந்தப் பெஞ்சுல உக்காந்த குடும்பமா, தரையில உக்காந்த குடும்பமா? பெஞ்சுல உக்காந்த குடும்பமா இருந்தா அதையும் நேர்மையா எழுதணும், உறவுக்காரங்க ரெண்டு பேரு கோவிச்சுக்குவாங்க, பரவால்ல.

ஆவணத்துக்கு ஜெருசலேம் வரைக்கும் போனவங்க பல பேரு சென்னை எழும்பூருக்கு வரதில்ல. 1795ல கொச்சி இங்கிலீஷ்காரங்க கைக்கு வந்துச்சு, அங்க இருந்த டச்சுக் கம்பெனி ஆவணங்க பிற்பாடு மெட்ராஸ் வந்து சேந்துச்சு, இப்பவும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துலதான் இருக்கு. மிளகு வியாபாரம், கடன், வழக்குன்னு அந்தக் காலத்து வியாபாரிங்க பேரத் தேட வேண்டிய இடம் அது. பழைய டச்சுக் கையெழுத்து, படிக்கத் தெரிஞ்ச ஆள் உதவி இல்லாம முடியாது, அதுக்கு நேரத்தையும் காசையும் முன்னாடியே ஒதுக்கி வைங்க.

பேட்டி எடுக்கறவங்க பாட்டிகிட்ட ஹீப்ருவுல இல்ல இங்கிலீஷ்ல கேக்கறாங்க. மலையாளத்துல கேளுங்க, கேள்விய விட்டுட்டு பாட்டு பாடச் சொல்லிக் கேளுங்க. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டெல்லாம் மலையாளத்துல நோட்டுல கையால எழுதி வச்சிருந்தாங்க, ஆம்பளைங்க எழுதின காகிதத்துல வராத பெண்கள் உலகம் அதுல இருக்கு. மளிகைக் கணக்கு நோட்டுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இனி அச்சு விஷயம். ஹீப்ரு வலமிருந்து இடமா ஓடற எழுத்து, லேஅவுட் பண்றவருக்கு அது தெரியலன்னா காப்பி பண்ணி ஒட்டறப்ப எழுத்து பூரா தலைகீழ் வரிசையில விழும். ஒரு புரூஃப்ல கல்லறை வாசகம் முழுக்க கடைசி எழுத்துலேருந்து முதல் எழுத்துக்கு வந்திருந்துச்சு, பாக்க அழகா இருக்கு, ஹீப்ரு தெரியாத எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியல, அச்சுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு பெரியவர் பாத்துட்டு விரல வச்சு "இது எங்க அம்மா பேர் இல்லையே"ன்னார். அன்னிலேருந்து ஹீப்ரு வரி இருக்கற ஒவ்வொரு பக்கத்தையும் கல்லோட போட்டோ பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா ஒப்பிட்டுத்தான் விடறேன்.

கடுதாசி உங்க பெட்டியில இருக்கறதால அத அச்சடிக்கற உரிமை உங்களுக்கு வந்துடாது, அது எழுதினவருக்கும் அவரோட வாரிசுக்கும் உரியது. இஸ்ரேல்ல இருக்கற சித்தப்பா மக்கள்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிடுங்க. உசுரோட இருக்கறவங்களோட நோய், கல்யாண முறிவு, சொத்துத் தகராறு இதெல்லாம் அவங்க படிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான். ஐஎஸ்பிஎன் நம்பர் (புத்தகத்துக்கான அடையாள எண்) இந்தியால இலவசம், ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சியில வாங்கலாம், அதுக்குன்னு தனியா காசு கேக்கற ஆளுங்ககிட்ட குடுக்காதீங்க. புத்தகம் வந்து 30 நாளுக்குள்ள சட்டப்படி நூலகங்களுக்குப் பிரதி அனுப்பணும், கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஜெருசலேம்ல இருக்கற இஸ்ரேல் தேசிய நூலகத்துக்கும் ஒண்ணு அனுப்புங்க, அங்க இருக்கற பேரப்பிள்ளைங்க முதல்ல தேடறது அங்கதான்.