செவ்வரத்தை இலையும் பூசணித் தண்டும்: நுணுக்குக்காட்டியில் முதல் பார்வை

நுணுக்குக்காட்டி புதிதாகக் கைக்கு வந்தால், பலரும் ஓர் இலையைக் கிள்ளி அப்படியே வில்லைக்குக் கீழே வைத்துவிடுவார்கள். கறுப்பாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். கீழிருந்து வரும் ஒளி ஊடுருவினால்தான் உருவம் தெரியும். ஆகவே முக்கால்வாசி வேலை, மெல்லியதாக எடுப்பதில்தான் இருக்கிறது.

முதலில் இலை. முற்றத்துச் செவ்வரத்தையில் நன்கு விரிந்த ஒன்று போதும். அடிப்பக்கத்தைத் துடைத்து உலரவிட்டு, நரம்புகளுக்கு இடையில் நிறமில்லாத கியூட்டெக்ஸை மெல்லியதாகப் பூசுங்கள். பத்து நிமிடமாவது பொறுங்கள், ஈரத்தோடு உரித்தால் கிழியும். காய்ந்ததும் செலோடேப்பை அழுத்தி ஒட்டி, மெதுவாக உரித்துக் கண்ணாடித் தட்டில் ஒட்டுங்கள். இது இலையின் அச்சு மட்டுமே, பச்சை நிறத்தைத் தேடவேண்டாம்.

4, பிறகு 10, கடைசியில் 40 மடங்குப் பொருள்வில்லை (தட்டுக்கு நேர் மேலே இருக்கும் வில்லை). 40க்கு வந்தபின் பெரிய திருகைத் தொடாதீர்கள், வில்லை கண்ணாடியில் முட்டும். ஒளியையும் குறைத்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் அச்சு மங்கிவிடும். இரண்டு அவரை விதைகள் முகம் பார்த்து இருப்பதுபோல் தெரிபவை காவற்கலங்கள் (துளையைத் திறந்து மூடும் கலங்கள், அதாவது செல்கள்), நடுவிலுள்ள துளை இலைவாய், காற்றும் நீராவியும் போய்வரும் வழி. அப்புறம் சோளன் இலையிலும் இதையே செய்யுங்கள். அங்கே காவற்கலங்கள் நடுவில் ஒடுங்கி, முனைகளில் பருத்து, வரிசையாக நிற்கும்.

தண்டுக்கு இளம் பூசணிக்கொடி நல்லது, அதில் நீர் ஏறும் குழாய்களான கலன்கள் பெரியவை. புது பிளேட்டின் ஒரு விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளேட்டையும் தண்டையும் நனைத்து, அறுக்காமல் ஒரே இழுவையில் சீவுங்கள். பத்துப் பதினைந்து சீவல்களைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, மிகத் தெளிவானதை எடுங்கள். முழு வட்டமாக வரவேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ஓரத்தில் மெலிந்த அரைத் துண்டுதான் பெரும்பாலும் நன்றாகத் தெரியும். ஒரு துளி நீரில் வைத்து, மூடிக் கண்ணாடியைச் சாய்வாக இறக்குங்கள். கறுத்த விளிம்போடு அச்சொட்டாக வட்டமாய்த் தெரிவது கலம் அல்ல, காற்றுக்குமிழி. பெரிய ஓட்டைகள் காழ்க்கலன்கள். பூசணியில் காழின் (நீரைக் கடத்தும் இழையம்) உள்ளேயும் வெளியேயும் உரியம் (உணவைக் கடத்தும் இழையம்) இருக்கும். மற்றத் தண்டுகள் பலவற்றில் வெளியே மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கடம், கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறையில் ஊறியது, துளி காய்ந்தால் பளிங்குகள் மிஞ்சும். அதைத் தாவரத்தின் உறுப்பு என்று நினைத்துவிடலாம். மழைநீரோ பற்றறிக்கு விடும் வடித்த நீரோ போதும்.

கை பழகியதும் அலரி இலைக்கு வாருங்கள். அது நஞ்சு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கியூட்டெக்ஸ் அச்சில் இலைவாய் அகப்படாது. கரட்டில் ஒரு பிளவு கீறி, இலைத் துண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்துச் சீவிப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தில் மயிர் அடர்ந்த குழிகள் தெரியும், இலைவாய்கள் அவற்றுக்குள்ளே இருக்கின்றன. வறண்ட காற்று நேரே படாததால் நீரிழப்புக் குறைகிறது.