அடகு போன நகை எப்போது திரும்பியது?

ஒரு வீடு பஞ்சத்தைத் தாங்குமா, அடி விழுந்தால் மீளுமா என்று வீடு வீடாகக் கேட்டு அளப்பது எப்படி என்று சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் முதன்முதலில் இதைக் கணக்கெடுக்கப் போனபோது நான் செய்த தவறு, தை மாதம் போனது. அறுப்பு முடிந்து எல்லா வீட்டிலும் மூட்டை அடுக்கியிருந்தது. பஞ்சம் தாங்கும் வீடுகள் என்று எழுதிவிட்டு வந்தேன். அதே வீடுகளுக்கு ஐப்பசியில் போனால் கதை வேறு. உழவுக்கும் விதைக்கும் கையிருப்பு கரைந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தால் இரண்டு முறை போங்கள். ஒரு முறைதான் என்றால் ஐப்பசியில் போங்கள்.

வீட்டில் சமையல் செய்கிறவரிடம் கேள்வியைக் கேளுங்கள். திண்ணையில் இருக்கும் ஆம்பளைக்கு அரிசிப் பானையின் அடி தெரியாது. "சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நாங்க என்ன பட்டினியா கிடக்கோம்?" என்று ஒரு அக்கா என்னிடம் திருப்பிக் கேட்டார். நியாயம்தான். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சோறு எப்படியும் இருக்கும். குழம்பில் என்ன கிடந்தது என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

அப்புறம் ஐந்து கேள்வி. கடந்த 7 நாளில் எத்தனை நாள் மட்டமான, பிடிக்காத சாப்பாட்டைச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் அளவைக் குறைத்தீர்கள்? எத்தனை நாள் ஒரு வேளையை விட்டீர்கள்? இந்த மூன்றுக்கும் நாள் எண்ணிக்கையை 1-ஆல் பெருக்க வேண்டும். அரிசி, பருப்பு கைமாற்று வாங்கிய நாளுக்கு 2. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் வயிற்றைக் கட்டிய நாளுக்கு 3. அந்த அக்கா வீட்டில் மட்டமான சாப்பாடு 4 நாள், அளவு குறைந்தது 3, வேளை விட்டது 1, கைமாற்று 1, வயிற்றைக் கட்டியது 2. மொத்தம் 16. உச்சம் 56. எண் ஏற ஏற நெருக்கடி அதிகம்.

ஆனால் இது இந்த வாரத்துக் கஷ்டம் மட்டும்தான். அடி விழுந்தால் அந்த வீடு எழுந்து நிற்குமா என்பதை இது சொல்லாது. அதற்கு ஊரே மறக்காத ஒரு வருடத்தைப் பிடியுங்கள். நான் 2016-ஐக் கேட்பேன். வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்த வருடம் அது. முதலில் எது கைவிட்டுப் போனது, அடுத்து எது என்று வரிசையாகக் கேளுங்கள். ஆடு விற்றதை இழப்பில் சேர்க்காதீர்கள், அதற்காகத்தானே வளர்க்கிறார்கள். விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டது, உழவு மாட்டை விற்றது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது, இவைதான் அடிவேரில் விழுந்த வெட்டு.

சரி, மீண்டதை எப்படி அளப்பது? நகையை வைத்துத்தான். எந்த மாதம் அடகு வைத்தார்கள், எந்த மாதம் மீட்டார்கள் என்று கேட்டு, இடையில் எத்தனை மாதம் என்று எழுதுங்கள். 8 மாதத்தில் மீட்ட வீடும் 3 வருடம் வட்டி மட்டும் கட்டிய வீடும் ஒன்றல்ல. மீட்க முடியாமல் முழுகிப்போயிருந்தால் கட்டத்தை வெறுமனே விடாதீர்கள். 'முழுகியது' என்றே எழுதுங்கள். நான் ஒரு முறை காலியாக விட்டேன். கணினியில் ஏற்றியவர் அதை 0 மாதம் என்று போட்டுவிட்டார். நகையே போன வீடுகள், சீக்கிரம் மீண்ட வீடுகளின் பட்டியலில் முதலிடத்தில் வந்து நின்றன.