சர்வே தளத்தை நம்பலாமா? பலரும் தவறிப்போகும் இடங்கள்

சர்வேக்குப் பதில் சொன்னால் பணம் என்று அழைக்கும் தளங்களில் நிஜமாகவே பணம் தருபவையும் உண்டு, நம்மிடமிருந்து பறிப்பவையும் உண்டு. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள நிறைய பேர் தளத்தின் தோற்றத்தையும், அதைப் பற்றி யாரோ போட்ட வீடியோவையும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எனக்குத் தருவதாகச் சொல்லும் பணம் இவர்களுக்கு எங்கிருந்து வருகிறது?

நேர்மையான தளத்தில் இதற்குப் பதில் எளிது. ஒரு ஷாம்பு கம்பெனிக்குத் தன் புதிய பாட்டிலைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அது ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறது. அந்த நிறுவனம், பதில் சொல்ல ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் தளங்களை நாடுகிறது. நடுவில் சின்ட் போன்ற இடைத்தரகு நிறுவனங்களும் இருக்கும். இத்தனை கைகளைத் தாண்டி வருவதில் ஒரு பங்குதான் பதில் சொன்னவருக்கு. அதனால்தான் தொகை சின்னதாக இருக்கிறது. பெரும்பாலும் கல்வி ஆய்வுகளுக்குப் பயன்படும் ப்ரோலிஃபிக் தளம், ஆய்வாளர்கள் மணிக்குக் குறைந்தது 8 டாலர் கணக்கிலாவது தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இந்தத் துறையில் அதுவே நல்ல ஊதியம். பல தளங்களில் அதைவிடக் குறைவாகத்தான் தேறும். ஆக, பத்து நிமிட சர்வேக்கு 50 டாலர் என்று எவராவது சொன்னால், அவ்வளவு பணத்தை எந்தக் கம்பெனி, எதற்காகக் கொடுக்கும் என்று யோசித்தாலே போதும். அதை வாய்ப்பாக நினைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, பணம் கட்டுவது. பதிவுக் கட்டணம், 'பிரீமியம்' உறுப்பினர் கட்டணம், சர்வே தளங்களின் பட்டியலுக்கு விலை, சேர்ந்த பணத்தை எடுக்கும்போது கட்ட வேண்டிய 'வரி' என்று பெயர் பலவிதமாக இருக்கும். பணம் அந்தக் கம்பெனியிலிருந்து உங்களை நோக்கி வர வேண்டும், நீங்கள் கொடுப்பதற்கு இதில் இடமே இல்லை. உண்மையிலேயே ஒரு கட்டணம் இருந்தால்கூட அதை உங்கள் இருப்பில் கழித்துக்கொள்ளலாமே? தனியாக அனுப்பச் சொன்னால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள். இதில் விதிவிலக்கு பார்க்க வேண்டாம்.

மூன்றாவது தவறுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது: 'ஒரு தடவை பணம் வந்துவிட்டது, அதனால் நம்பலாம்' என்ற முடிவு. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும் 'டாஸ்க்' மோசடி இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. முகம் தெரியாத ஒருவர் மெசேஜ் அனுப்புவார். ஹோட்டலுக்கு மதிப்பெண் போடுங்கள், வீடியோவுக்கு லைக் போடுங்கள், கருத்து சொல்லுங்கள் என்று லேசான வேலை. சின்னத் தொகை ஒன்று உடனே கைக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே எல்லாரும் நேற்று எவ்வளவு எடுத்தோம் என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் மோசடிக்காரர்களின் ஆட்களே. பிறகு, அடுத்த கட்ட வேலையைத் திறக்க முன்பணம் கேட்பார்கள், பெரும்பாலும் கிரிப்டோவில். திரையில் உங்கள் இருப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் இன்னும் கொஞ்சம் கட்டச் சொல்வார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையமான எஃப்டிசி-க்கு இந்த வகை மோசடி பற்றி 2023 முழுவதும் சுமார் 5,000 புகார்கள் வந்தன. 2024-இன் முதல் ஆறு மாதங்களிலேயே அது சுமார் 20,000 ஆனது. அந்த முதல் சின்னத் தொகையை வைத்து நேர்மையை எடைபோடாதீர்கள். அது தூண்டிலில் மாட்டிய புழு.

தோற்றத்தை நம்புவதும் பெரிய தவறு. முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தால் பாதுகாப்பான தளம் என்று இன்னமும் நிறைய பேர் நினைக்கிறார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அந்தக் குறிக்கு அர்த்தம் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் திருடரா என்பதை அது சொல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இந்தக் குறிக்குத் தேவையான சான்றிதழை இலவசமாகவே தருவதால் மோசடித் தளங்களிலும் அந்தக் குறி இருக்கும். பெரிய கம்பெனிகளின் லோகோக்களை வரிசையாக ஒட்டி வைப்பதும் யாராலும் முடியும்.

தோற்றத்துக்குப் பதில் பார்க்க வேண்டியவை வேறு. தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா? தனியுரிமைக் கொள்கையிலும் விதிமுறைகளிலும் அதே பெயர்தான் வருகிறதா? இன்னொரு தளத்திலிருந்து நகலெடுத்தவர்கள் பழைய பெயரை மாற்ற மறந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். 'ஹூயிஸ்' என்ற இணையத் தேடலில், டொமைன் (தளத்தின் இணைய முகவரி) எப்போது பதிவானது என்று இலவசமாகப் பார்க்கலாம். பல வருடமாக இயங்குகிறோம் என்று சொல்லும் தளத்தின் டொமைன் போன மாதம் பதிவாகியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆய்வுத் துறைக்கு எசோமார் என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. ஐஎஸ்ஓ 20252 என்ற தரநிலையும் இருக்கிறது. தளத்தில் எசோமார் முத்திரை இருந்தால் அதோடு நிற்காமல், எசோமாரின் சொந்தத் தளத்தில் உள்ள பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு தளம் போலி ஆகிவிடாது. ஆனால் உறுப்பினர் என்று பொய் சொல்லியிருந்தால், மற்றது எதையும் பார்க்கத் தேவையில்லை.

விமர்சனங்களுக்கு வருவோம். 'சிறந்த 10 சர்வே தளங்கள்' மாதிரியான கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் கீழே ஒரு ரெஃபரல் லிங்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் சேர்ந்தால் அவருக்குக் கமிஷன். அதற்காக அவர் சொல்வதெல்லாம் பொய் என்றில்லை, ஆனால் குறைகளைச் சொல்ல அவருக்கு அவசியம் இல்லை. பணம் வந்ததற்கு ஆதாரம் என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை, பிரவுசரில் உள்ள வசதியை வைத்தே எண்ணை மாற்றி ஒரு நிமிடத்தில் தயாரித்துவிடலாம். ஐந்து நட்சத்திர விமர்சனங்களில் பல, சேர்ந்த கையோடு எழுதியவையாக இருக்கும். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை நிதானமாகப் படியுங்கள். அவர்கள் பணத்தை எடுக்க முயன்றபோது என்ன நடந்தது என்பதுதான் நமக்குத் தேவை.

ஒரு நட்சத்திரக் கோபங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பாதிக்கு 'தகுதியில்லை என்று வெளியே தள்ளிவிட்டார்கள்' என்பதே காரணமாக இருக்கும். அந்த ஷாம்பு கம்பெனிக்கு 25 முதல் 34 வயதுப் பெண்கள் இருநூறு பேர் வேண்டும் என்றால், இருநூறு பேர் சேர்ந்ததும் அடுத்தவருக்கு இடமில்லை. முதல் ஓரிரு நிமிடங்களில் வயது, ஊர், வேலை கேட்டுவிட்டு வெளியேற்றுவது இந்தத் தொழிலின் இயல்பு. ஆனால் பதினைந்து நிமிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் 'மன்னிக்கவும், நீங்கள் பொருந்தவில்லை' என்றால் அது வேறு. எப்போதாவது நடந்தால் கோளாறாக இருக்கலாம், அடிக்கடி நடந்தால் உங்கள் பதிலை இலவசமாக வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அதே மாதிரி, 25 டாலர் சேர்ந்தால் எடுக்கலாம் என்ற தளத்தில் 23 டாலர் வரை சர்வேக்கள் தாராளமாக வந்து, அதற்கப்புறம் ஒன்றுகூட முடிக்க முடியவில்லை என்று பலர் எழுதியிருந்தால் அதை லேசாக விடாதீர்கள்.

விதிமுறைகளை யாரும் முழுசாகப் படிக்கப் போவதில்லை, சரி. மூன்று இடங்களையாவது படியுங்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம், பயன்படுத்தாத பாயிண்டுகள் எப்போது காலாவதி ஆகும், எந்தக் காரணத்துக்குக் கணக்கை மூடலாம். 'எங்கள் விருப்பப்படி, காரணம் சொல்லாமல், இருப்பைத் திருப்பித் தராமல்' என்று மூன்றும் ஒரே வரியில் இருந்தால் அங்கே உழைக்காதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு, விபிஎன் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டுவது, கேள்வியைப் படிக்காமல் வரிசையாக ஒரே பதிலைத் தட்டுவது ஆகியவற்றை நல்ல தளங்களும் தடை செய்கின்றன. பெரும்பாலும் பணத்தை எடுக்கும் நேரத்தில்தான் அதைச் சோதிப்பார்கள். ஆகவே கணக்கு மூடப்பட்ட எல்லாரும் ஏமாற்றப்பட்டவர்கள் இல்லை.

தகவல் கொடுப்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வருமானம், நோய், குடும்ப அளவு பற்றிக் கேட்டவுடன் மோசடி என்று ஓட வேண்டாம். ஆய்வுக்கு அவை தேவைப்படும், சொல்லப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் ஓடிபி, வங்கி பாஸ்வேர்டு, கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண் ஆகியவை எந்த ஆய்வுக்கும் வேண்டியதில்லை. சில தளங்கள் பணம் அனுப்பும் முன் அடையாள அட்டையைச் சரிபார்க்கும். சேரும்போதே, ஒரு பைசா சம்பாதிக்கும் முன்பே அதன் படம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆப் என்றால், அது எஸ்எம்எஸ் படிக்கவோ தொடர்பு எண்களைப் பார்க்கவோ அனுமதி கேட்கிறதா என்று கவனியுங்கள். சர்வேக்கென்றே தனி மின்னஞ்சலும் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டால், தளம் உங்கள் முகவரியை விளம்பரக்காரர்களிடம் விற்றாலும் சேதம் குறைவு.

இத்தனையும் பார்த்துச் சேர்ந்த பிறகு பாயிண்டுகளைச் சேர்த்து வைக்காதீர்கள். எடுக்கக்கூடிய அளவு வந்தவுடன் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே பணத்தை விட்டவர்கள் முதலில் வங்கிக்கோ கார்டு நிறுவனத்துக்கோ தெரிவித்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, சைபர் குற்றப் புகார் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாளில், இழந்ததை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டினால் போதும் என்று ஒருவர் தேடி வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, இவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். பதில் சொல்லாமல் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.