தார ஸ்தாயியில் தொண்டை இறுகினால்

மேல் ஸ்தாயியில் தொண்டை இறுகும்போது பலரும் மூச்சை இன்னும் பலமாகத் தள்ளுகிறார்கள்; ஆனால் பெரும்பாலும் மாற்ற வேண்டியது, குரல்நாண்களுக்கு மேலிருந்து உதடுவரை நீளும் காற்றுப்பாதையின் வடிவத்தைத்தான். குரல்நாண்கள் எழுப்புவது வெறும் ரீங்காரமே. வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. நீளமுள்ள அந்தப் பாதை, எந்த அதிர்வெண்களை எடுப்பாக ஒலிக்கச் செய்கிறதோ அதைப் பொறுத்தே அது ஆகாரமாகவோ ஈகாரமாகவோ நம் காதில் விழுகிறது.

சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு மத்திய ஷட்ஜத்தில் (நடு ஸ்தாயியின் ‘ஸ’) ‘ஈ’ என்று தொடங்கி, சுருதி விலகாமல் ‘ஆ’வுக்கு வாருங்கள். தாடை இறங்கி, நாக்கின் முன்பகுதி மேலண்ணத்தை விட்டுத் தாழ்வதை உணரலாம். அப்போது பாதையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அது எடுப்பாக ஒலிக்கச் செய்யும் அதிர்வெண்களில் மிகத் தாழ்ந்தது, ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 700 ஹெர்ட்ஸை நோக்கி ஏறுகிறது.

அடுத்து, பழச்சாறு குடிக்கும் சாதாரண ஸ்ட்ரா ஒன்றை உதடுகளால் இறுகக் கவ்விக்கொண்டு, ‘ஊ’ என்று மெல்ல ஒலித்தபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிச் செல்லுங்கள். இடையில் மூக்கைப் பொத்திப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள், அதைச் சரிசெய்த பிறகே தொடர வேண்டும். வாசல் குறுகுவதால் வாய்க்குள் அழுத்தம் கூடி, அது குரல்நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிப்பதால், அவை ஒன்றோடொன்று மோதும் வேகம் தணிகிறது. அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸே பரவலாக அறியச்செய்த பயிற்சி இது. ஸ்ட்ராவின் நுனியைத் தம்ளர் தண்ணீரில் இரண்டு, மூன்று செ.மீ. ஆழ்த்தியும் செய்யலாம்; குமிழிகள் விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை. (குரல் கம்மல் வாரக்கணக்கில் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்ப்பதே முறை.)

ஸ்ட்ராவை எடுத்தவுடன், அதே தளர்வோடு பாட்டுக்கு வாருங்கள். ஐந்து கட்டையில் (மேற்கத்திய G சுருதியில்) பாடும் பெண்ணுக்குத் தார ஷட்ஜம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘ஸ’, 392 ஹெர்ட்ஸ்; தார பஞ்சமம், அதாவது அதற்கு மேலுள்ள ‘ப’, ஏறத்தாழ 588 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் ‘ஈ’யைப் பேச்சில் வருவதுபோல் ஒடுக்கிப் பாடினால், சுருதி முதல் ஒத்ததிர்வைத் தாண்டிவிடுவதால் பாதையின் துணை குறைந்து, குரல் மெலிகிறது, அதை ஈடுகட்டவே தொண்டை இறுகுகிறது. எனவே ஈகாரத்திலும் ஊகாரத்திலும் தாடையைச் சிறிது கூடுதலாகத் திறக்க வேண்டும். சாஹித்யம் (பாட்டின் சொற்கள்) சிதையும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் ஸ்வரம் நீண்டு நிற்கும் இடத்தில் மட்டும் திறந்து, சொல்லின் மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரித்தால் பொருள் கெடாது.