என்.பி.ஏ. தரவரிசைப் பட்டியலை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கூடைப்பந்து பார்க்கப் புதிதாக வருபவர்களைக் குழப்புவது ஆட்டத்தைவிட அந்தப் பட்டியல்தான். அணியின் பெயருக்குப் பக்கத்தில் 57-25, .695, 0.5 என்று எண்கள் வரிசையாக நிற்கும். உண்மையில் அங்கே மூலச் சரக்கு இரண்டே இரண்டு: வெற்றி, தோல்வி. மற்றதெல்லாம் அவற்றிலிருந்து பிறப்பவை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: எந்தப் பட்டியலைப் பார்ப்பது?

மொத்தம் 30 அணிகள். கிழக்கு, மேற்கு என்று இரண்டு கான்ஃபரன்ஸ். ஒவ்வொன்றிலும் 15 அணிகள். ஒரு கான்ஃபரன்ஸுக்குள் ஐந்தைந்து அணிகளாக மூன்று டிவிஷன்கள். ஒவ்வொரு அணிக்கும் லீக் சுற்றில் 82 ஆட்டங்கள். லீக் சுற்றுக்குப் பிறகு சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கான இடங்கள் கான்ஃபரன்ஸ் வாரியாகத்தான் முடிவாகின்றன. எனவே கான்ஃபரன்ஸ் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 2: வெற்றி விகிதம்

கூடைப்பந்தில் டிரா கிடையாது. சமநிலையில் முடிந்தால் ஐந்து நிமிட ஓவர்டைம். அதிலும் தீராவிட்டால் இன்னொன்று. ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் நாற்பது புள்ளியில் ஜெயித்தாலும் பட்டியலில் ஒரு வெற்றிதான். (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா நடத்தும் உலகக் கோப்பைக் குழுச் சுற்றில் வெற்றிக்கு 2, தோல்விக்கு 1 புள்ளி உண்டு. என்.பி.ஏ.வில் அந்த வழக்கம் இல்லை.)

கணக்கு இவ்வளவுதான்: வெற்றிகள் ÷ ஆடிய ஆட்டங்கள். 57 வெற்றி, 25 தோல்வி என்றால் 57 ÷ 82 = .695. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு மூன்று இலக்கமாக எழுதுவது வழக்கம். அதாவது 69.5 சதவீதம்.

வெற்றிகளை மட்டும் எண்ணினால் ஆகாதா? சீசன் நடுவே எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடியிருக்காது. 30-15 என்று ஓர் அணி, 31-17 என்று இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரு வெற்றி கூடுதல், ஆனால் விகிதம் .646. முதல் அணிக்கு .667, எனவே அதுதான் மேலே. பெருந்தொற்றால் நடுவில் நின்று, பிறகு தொடர்ந்த 2019-20 சீசனில் இது கடைசிவரை தேவைப்பட்டது. போர்ட்லாந்து 35-39 (.473), மெம்ஃபிஸ் 34-39 (.466) என்று சமமில்லாத ஆட்டங்களோடுதான் முடித்தன.

படி 3: எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது?

எனக்குப் பிடித்த பகுதி இது. 'ஜிபி' (Games Behind) என்று தலைப்பிட்ட பத்தியில் 3, 4.5 என்றெல்லாம் இருக்கும். முதலிடத்து அணியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அது சொல்கிறது. கணக்கிடும் முறை:

(முதல் அணியின் வெற்றி − உங்கள் அணியின் வெற்றி) + (உங்கள் அணியின் தோல்வி − முதல் அணியின் தோல்வி). வரும் விடையை இரண்டால் வகுக்கவும்.

எதற்கு இரண்டால் வகுப்பது? 2018 ஏப்ரலில் நடந்த ஓர் ஆட்டம் இதை விளக்கும். மினசோட்டா, டென்வர் இரண்டும் 46-35 என்ற நிலையில் சீசனின் கடைசி நாளன்று நேருக்கு நேர் மோதின. அன்றைய விதிப்படி ஜெயிப்பவருக்கு மேற்கின் எட்டாவது இடம், தோற்பவர் வீட்டுக்கு. ஓவர்டைமில் மினசோட்டா வென்றது. 47-35, 46-36. வெற்றியில் 1, தோல்வியில் 1, கூட்டினால் 2. ஆனால் நடந்தது ஒரே ஆட்டம். வகுத்தால் சரியாக 1 வருகிறது. ஒரு பக்கம் மட்டும் ஆட்டம் கூடுதலாக நடந்திருந்தால் அரை வரும். மேலே சொன்ன போர்ட்லாந்து - மெம்ஃபிஸ் இடைவெளி 0.5 ஆனது அப்படித்தான்.

சீசன் தொடக்கத்தில் இந்த எண் வேடிக்கை காட்டும். 4-1 (.800) என்ற அணி, 6-2 (.750) என்ற அணிக்கு மேலே இருக்கும், ஆனால் கீழே உள்ள அணிக்குக் கணக்குப் போட்டால் −0.5 வரும்! முன்னுரிமை எப்போதும் விகிதத்துக்குத்தான்.

இன்னொன்று: இரண்டு அணிகளை ஒப்பிடும்போது நான் முதலில் தோல்விப் பத்தியைத்தான் பார்ப்பேன். மீதி ஆட்டங்களில் வெற்றி சேர்க்கலாம். வாங்கிய தோல்வியை அழிக்க முடியாது.

படி 4: சமமாக முடிந்தால்

2023-24இல் மேற்கில் ஓக்லஹோமா சிட்டியும் டென்வரும் 57-25 என்று முடித்தன. தங்களுக்குள் ஆடியதில் ஓக்லஹோமா 3-1 என்று முன்னிலை, எனவே முதலிடம் அதற்கு. இரண்டு அணிகள் மட்டும் சமமானால் இதுதான் முதல் சோதனை. அதுவும் 2-2 என்றிருந்தால், டிவிஷனில் முதலிடம் பெற்ற அணிக்கு முன்னுரிமை. பிறகு, இரண்டும் ஒரே டிவிஷன் என்றால் டிவிஷன் ஆட்டங்களின் விகிதம். அப்புறம் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் விகிதம். அதன் பின் பிளேஆஃபுக்குத் தகுதியான அணிகளுக்கு எதிரான விகிதம். அடித்த புள்ளிகளுக்கும் கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம் கடைசியில்தான் வருகிறது.

மூன்று அல்லது அதற்கு மேல் அணிகள் சமமானால் வரிசை மாறும்: டிவிஷன் வெற்றியாளர் யார் என்பதுதான் முதலில் பார்க்கப்படும்.

ஒரு காலத்தில் டிவிஷனுக்கு இதைவிட மவுசு அதிகம். 2014-15இல் 51-31 எடுத்த போர்ட்லாந்து, டிவிஷனை வென்றதால் நான்காவது இடத்தில் அமர்ந்தது. 55-27 எடுத்த மெம்ஃபிஸும் சான் அன்டோனியோவும் அதற்குக் கீழே. அநியாயம்தான். அடுத்த சீசனிலேயே விதியை மாற்றிவிட்டார்கள்.

படி 5: 7 முதல் 10 வரை

முதல் ஆறு இடங்கள் நேராக பிளேஆஃப். 7ஆம் 8ஆம் அணிகள் மோதி, வெல்பவர் 7ஆம் இடத்தை எடுத்துக்கொள்வார். 9ஆம் 10ஆம் அணிகளில் தோற்பவர் வெளியே. மீதி இருவரும் 8ஆம் இடத்துக்காக ஆடுவார்கள். இதற்குப் பெயர் பிளே-இன். இந்த ஆட்டங்களின் முடிவு 82 ஆட்டக் கணக்கில் சேராது.

என்.பி.ஏ. கோப்பை என்று 2023இல் தொடங்கிய போட்டியின் ஆட்டங்கள் மட்டும் சேரும், அரையிறுதி வரை. இறுதியாட்டத்தில் ஜெயித்தால் கோப்பை உண்டு, பட்டியலில் ஒரு வெற்றிகூடக் கூடாது.